ஏறாத ரத்தம்

போலீஸ்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தால், குடிப்பதற்கு முன்னால் இவளுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் யோசிப்பேன். இது பிறவிக்குணம் இல்லை. என் வீட்டுக்காரர் குற்றாலீஸ்வரனோடு குடும்பம் நடத்தி ஒட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று மேலகரத்தில் வீடு கட்டி உட்கார்ந்த பிறகும், தெருவில் புது பைக் ஒன்று நின்றால் அதன் நம்பரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்க்காமல் அவர் சாப்பிட வரமாட்டார்.

ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் தன் வயிற்றைச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காதபோது வாயு என்றார். ஆள் பாதியாக இளைத்தபோது நடைப்பயிற்சி என்றார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். தென்காசி ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பக்கம் புற்று. அதிலிருந்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துதான் உடம்பு வெளுத்திருந்தது.

இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர் சிவசைலம். மதுரைக்குப் போங்கள், திருவனந்தபுரத்துக்குப் போங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அந்த டாக்டரை ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரிப்பது மாதிரி அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, "இந்த ஆளு பொய் சொல்லல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதாரு. இங்கனயே பண்ணுவோம்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வரவில்லை. ரத்தம் குறைவு என்று சொன்ன டாக்டர், ரத்தம் ஏற்றாமல், இரும்புச்சத்து மருந்து என்று காபி டிகாஷன் நிறத்தில் எதையோ ஊசி வழியாக இறக்கினார். சில வாரம் பொறுங்கள், அவர் உடம்பே ரத்தத்தை ஊற வைத்துக்கொள்ளும் என்றார். எங்கள் தெரு குருவம்மாளின் மருமகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் குறைந்தபோது அன்றைக்கே இரண்டு பை ஏற்றி ஆளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். புற்றுநோய்க்காரருக்குத் துருத் தண்ணீரா?

நேராகவே கேட்டேன். "ஏன் டாக்டர், ரத்தம் ஏத்துனா என்ன? எங்க பக்கம் ஆளுக்கா பஞ்சம்?"

"ஆளு இருக்கும்மா. தேவைப்பட்டா ஏத்தாம விடமாட்டேன், உயிருதான் முதல்ல" என்றார் டாக்டர். "ஆனா அடுத்தவங்க ரத்தம் உள்ள போனா, நோயை எதிர்க்கிற உடம்போட காவலு கொஞ்ச நாளைக்கு மந்தமாயிரும்னு சொல்லுதாங்க. இரைப்பைப் புற்று ஆபரேஷன்ல ரத்தம் ஏத்துனவங்களுக்குக் கிருமித் தொற்றும் கூடுதலா வந்திருக்கு, நோயும் சீக்கிரம் திரும்பியிருக்கு. அது ரத்தத்தாலயா, இல்ல ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் ரத்தம் ஏத்த வேண்டியிருக்குங்கதாலயான்னு இன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. அடிச்சுச் சொல்ல முடியாதப்போ, வேண்டாததை எதுக்கு ஏத்தணும்?"

"அப்போ ரத்தம் குடுக்க ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு கவுண்டர்ல சொல்லுதாங்களே, அது எதுக்கு?"

"கையிருப்பு வேணும்லாம்மா. ஆபரேஷன்ல திடீர்னு ரத்தம் போயிட்டா, அப்போ போயி ஆளைத் தேட முடியாது."

பதில் சரியாகத்தான் இருந்தது. பதில் இவ்வளவு சரியாக இருந்ததே எனக்கு உறுத்தியது. எங்கள் ஆட்களிடம் எடுத்து வேறு யாருக்கோ திருப்பிவிடுகிறார்களோ என்று மனசுக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டே இருந்தது.

ரத்தம் என்று சொன்னால் போதும், எங்கள் பக்கம் வேன் பிடித்து வருவார்கள். அது ஒரு முறை மாதிரி. கல்யாணத்துக்கு வராதவன்கூட ரத்தம் கொடுக்க வந்துவிடுவான், பிறகு காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் எல்லோருக்கும் முந்தி வந்து நின்றவரைப் பார்த்ததும் நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். ராயகிரியிலிருந்து நம்பிராஜன் அத்தான் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அத்தானின் மகன் பாண்டி ஒரு கோயில் கொடை விழாவில் ஒருவனை அடித்து மண்டையை உடைத்துவிட்டான். அப்போது அந்தப் பகுதி ஸ்டேஷனில் இருந்தது என் வீட்டுக்காரர். அத்தான் ராணுவத்திலிருந்து வந்தவர், யாரிடமும் குனியாதவர். அவரே வந்து தம்பியிடம் கெஞ்சினார். பையன் ராணுவத் தேர்வில் ஓட்டம் முடித்து உத்தரவுக்குக் காத்திருக்கிறான், கேஸ் போட்டால் எல்லாம் போய்விடும் என்றார். இவர் கேஸ் போட்டார். எல்லாம் போய்விட்டது. பாண்டி இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். "உன் வாசப்படி மிதிச்சா நான் நம்பிராஜன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போன அத்தான், அப்புறம் எங்கள் நல்லது கெட்டது எதற்கும் வந்ததில்லை.

வந்தவர் என்னைப் பார்த்து, "இசக்கி, ரத்தம் எங்கன எடுக்காங்க?" என்றார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

கொடுத்துவிட்டு, கையை மடக்கிப் பிடித்தபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "மொதல்ல என் ரத்தம் உள்ள போகட்டும். நான் பொறவு போறேன். எங்களுக்குள்ள வாயால பேசித் தீர்க்கக்கூடிய சங்கதி இல்ல, கேட்டியா? நான் ஒண்ணு சொல்லுவேன், அவன் ஒண்ணு சொல்லுவான், கடைசியில கைகலப்புலதான் நிக்கும். என் ரத்தம் அவன் உடம்புல ஓட ஆரம்பிச்சுட்டுன்னா, அண்ணனை எங்கன்னு அவனே கேப்பான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் யார் பெண்டாட்டி? ராயகிரித் தோப்பு இன்னும் இரண்டு பேர் பெயரிலும் பொதுவில் கிடக்கிறது. ஆள் போய்ச் சேருவதற்குள் கையெழுத்து வாங்க வந்திருப்பாரோ என்று தோன்றியது. தோன்றியதை உள்ளேயே வைத்துக்கொண்டேன். அண்ணன் வந்திருக்கிற விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. ஆபரேஷன் நேரத்தில் மனசைக் கலக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அத்தான் எங்கள் வீட்டில் தங்கவில்லை, வாசப்படிச் சபதம் இருக்கிறதே. குற்றாலத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு காலையில் பஸ்ஸில் வருவார், இருட்டினால் போவார். சீசன் நன்றாக இருந்தது. பஸ்ஸில் வருகிற அத்தனை பேரும் எண்ணெய் வடிகிற தலையும் ஈரத்துண்டுமாக வந்தார்கள். இவர் மட்டும் காய்ந்த தலையோடு, காதை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கேன்டீனில் சுக்குத்தண்ணி வாங்கிக் குடித்தபடி இருந்தார். குற்றாலத்தில் அறை எடுத்துவிட்டு அருவியில் தலையைக் கொடுக்காத மனுஷனை நான் அன்றுதான் பார்க்கிறேன். அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு. ரத்தம் ரொம்பப் போகல, ஏத்த வேண்டிய அவசியமும் வரல. இனி பரிசோதனை ரிசல்ட் வந்தாத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்."

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வராந்தா முனையில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, விறைப்பாக, பரேடில் நிற்பது மாதிரி.

"ஏறிச்சா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் ரத்தம் வேண்டாம்னு சொல்லிட்டானா என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு ராயகிரி பஸ்ஸில் ஏறிவிடுவார். டாக்டர் சொன்ன விளக்கமெல்லாம் அவர் காதில் ஏறாது. நானே பாதி நம்பாத விளக்கத்தை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? போனவர் இனி தம்பியின் காரியத்துக்குத்தான் வருவார். அது எத்தனை நாளில் என்று யாருக்குத் தெரியும்?

"ஏறிருச்சு அத்தான்" என்றேன்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாட்ச்மேன் தளவாயைக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "என் தம்பிக்கு என் ரத்தம்தான் ஓடுது" என்றார்.

அடுத்த நாளிலிருந்து நான் வார்டை விட்டு எப்போது வெளியே வந்தாலும் ஒரே கேள்விதான். "கேட்டானா?"

"மயக்கமா இருக்காக."

"கேட்டானா?"

"மூக்குல குழாய் இருக்கு அத்தான். பேச முடியல."

ஆள் வந்திருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். உடனே தோப்பு ஞாபகம் வரும். உள்ளே போனதும் அத்தான் சட்டைப் பையிலிருந்து ஏதாவது காகிதத்தை எடுத்தால் நான் என்ன செய்வேன்? மூன்று பேரையும் என் சந்தேகம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அத்தானின் குரலிலும் சூடு ஏறிக்கொண்டே வந்தது. "என் ரத்தம் ஓடியுமா அவனுக்கு என் நினைப்பு வரல? அப்போ அவன் கல்லுதான்."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

உடம்பு தீயாகச் சுட்டது. நர்ஸ் உலகம்மை ஓடி வந்தாள், டாக்டர் வந்தார், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே தையல் விட்டிருக்குமோ என்று பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் கட்டிலைப் பின்தொடர்ந்து ஓடும்போது அத்தான் எதிரே வந்தார். "காய்ச்சல் அத்தான், கொதிக்கு" என்றேன். அவர் முகம் செத்துப்போனது.

திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சில் ஆளைக் காணவில்லை. தம்பி பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் கழன்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். தளவாய்தான், பைக் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னான். போனேன். சாரலில் பாதி நனைந்தபடி, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இசக்கி, நான் அவனைக் கொன்னுட்டேன்" என்றார்.

"என்ன அத்தான் சொல்லுதீங்க?"

"இங்க வர்றதுக்கு முந்தின வாரம் எனக்குக் கடுங்காய்ச்சல். எலும்பெல்லாம் முறிஞ்ச மாதிரி வலி. விட்ட மறுநாளே பஸ் ஏறிட்டேன். ரத்தம் எடுக்குற பிள்ளை கேட்டா, சமீபத்துல காய்ச்சல் வந்துதான்னு. வரலைன்னுட்டேன். வந்துதுன்னு சொன்னா எடுக்க மாட்டாங்கல்லா. என் காய்ச்சல்தான் இப்போ அவனுக்கு அடிக்கி."

அருவியில் குளிக்காததும் சுக்குத்தண்ணியும் இப்போது புரிந்தது. புரிந்ததும் எனக்குள் இருந்த போலீஸ்காரர் பெண்டாட்டி விழித்துக்கொண்டாள். வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா? பாண்டிக்காக வஞ்சம் தீர்க்கவா வந்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கையை ஓங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ அப்படித்தான் நினைப்ப. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. அவனும் அதையே நினைச்சுக்கிட்டுத்தான் சாகப்போறான்."

பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தான், உங்க ரத்தம் அவுகளுக்கு ஏறல. ஒரு சொட்டுகூட ஏறல. யார் ரத்தமும் ஏறல. தேவைப்படலன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நீங்க கோவிச்சுட்டுப் போயிருவீங்கன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"ஏறலயா?"

"ஏறல."

"சாமி சத்தியமா?"

"எங்க இசக்கியம்மன் மேல ஆணை."

அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "நல்லவேளை, நல்லவேளை" என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஏறவில்லை என்றால் முறைத்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் யாரை நினைத்துப் பயந்தேனோ, அந்த மனுஷன் ஏறாத நிம்மதியில் அழுதுகொண்டிருந்தார். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திடீரென்று துண்டை இறக்கினார். "அப்போ அந்தப் பை எங்க? வேற யாருக்கும் ஏத்திரப் போறாங்க!"

சொல்லிக்கொண்டே எழுந்து ரத்த வங்கிக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. அங்கே இருந்த சண்முகசுந்தரி என்கிற பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் குளிர்பெட்டியில் தேடிப்பார்த்து, பை இங்கேதான் இருக்கிறது, இனி யாருக்கும் போகாது, அழித்துவிடுவோம் என்றாள். "எல்லா ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் வைப்போம் தாத்தா. ஆனா எல்லாக் காய்ச்சலும் டெஸ்ட்ல சிக்காது. அதுக்குத்தான் வாயால கேக்குறோம். நீங்க பொய் சொன்னா நாங்க என்ன செய்ய?" என்று நன்றாக ஏசினாள். ராணுவத்தில் யாருக்கும் அடங்காத அத்தான், தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வார்டுக்கு வந்தபோது டாக்டர் சிவசைலம் வாசலில் இருந்தார். "தையல் நல்லா இருக்கும்மா. காய்ச்சல் நெஞ்சுல இருந்துதான் வருது. வயித்து வலிக்குப் பயந்து மனுஷன் இருமவே மாட்டேங்காரு, சளி உள்ளயே தங்கிட்டு. மருந்து போட்டிருக்கேன். ஆனா இருமி வெளிய எடுத்தே ஆகணும். ரத்தம் வேற ஏத்தியிருந்தா, காய்ச்சல் அதுலயா இதுலயான்னு நானும் முழிச்சிருப்பேன்."

நான் அன்றுதான் அந்த டாக்டரை முழுசாக நம்பினேன்.

அத்தான் வெளியிலேயே நின்றுகொண்டார். "நான் ஊருக்குக் கிளம்புதேன் இசக்கி. இனி எதைச் சொல்லிக்கிட்டு உள்ள போவேன்? குடுத்த ஒண்ணும் குப்பைக்குப் போயிட்டு."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா உள்ள போங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். காய்ச்சலிலும் அந்தப் பார்வை மாறவில்லை. காலிலிருந்து தலைவரைக்கும் ஒரு தடவை அளந்தார். மூக்கில் குழாயோடு, கரகரத்த குரலில் கேட்டார். "எதுக்கு வந்த?"

"ரத்தம் குடுக்க வந்தேன். அது ஆகாதுன்னுட்டாங்க."

"பின்ன ஏன் இன்னும் நிக்க?"

அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உன்னைப் பாக்காம போக முடியலலே."

என் வீட்டுக்காரர் பார்வையை மேலே திருப்பிக்கொண்டார். "பாண்டி வந்திருக்கானா?"

"இல்ல. கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டான்."

"வரமாட்டான்" என்றார் இவர். அதற்கு மேல் அதைப்பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கையெழுத்து, தோப்பு, எதுவும் வரவில்லை. நான் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

உலகம்மை தலையணையோடு வந்து, வயிற்றில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னாள். இவர் வழக்கம்போல முடியாது என்று முகத்தைத் திருப்பினார். காலையிலிருந்து நானும் அவளும் கெஞ்சி அலுத்திருந்தோம். அத்தான் அவள் கையிலிருந்து தலையணையை வாங்கினார். ஒரு கையால் தம்பியின் முதுகைத் தூக்கி உட்காரவைத்து, மறுகையால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்தார்.

"இருமு."

"வலிக்குண்ணே."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன். அத்தான் தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான் பிடிச்சிருக்கேன்லா. இருமுலே!"

இருமினார். உயிர் போகிற மாதிரி இருமினார். சளி வந்தது. அண்ணன் துண்டால் தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்க" என்றார். மறுபடியும் இருமினார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உலகம்மை பதறி, ரொம்ப வலிக்கா என்று கேட்டாள். வலியில்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அத்தானுக்கு எங்கே வலித்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.